படைவீரரான நோயாளியிடம் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றி எப்படிக் கேட்பது?

வெள்ளாறு (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான வெளிநோயாளிப் பிரிவு ஒன்றில் பொது மருத்துவராகப் பணியாற்றுகிறேன். இக்குழுமத்தில் படைவீரர்களைப் பார்க்கும் மருத்துவர்களும் உளவியலாளர்களும் சிலர் இருப்பதால், பல நாள்களாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கேட்கிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சென்ற வாரம் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் முதுகுவலி என்று வந்தார். மணமுறிவு ஆகி ஓராண்டு; தனியாக இருக்கிறார்; தம்பி மட்டும் அதே ஊரில். செவிலியர் வழக்கமாகக் கேட்கும் மனநலக் கேள்விகளில், இருந்து என்ன பயன் என்று தோன்றுவதுண்டா என்பதற்கு, ‘சில நாள்களில்’ என்று சொல்லியிருந்தார். தூக்கம் மூன்று மணி நேரந்தான். நான் தாளைப் படித்துவிட்டு, கணினியில் தட்டிக்கொண்டே, ‘வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?’ என்று கேட்டேன். அதுவரை முழங்கால்மேல் கவிழ்த்து வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ‘அது உங்களுக்கு எதற்கு, டாக்டர்?’ என்றார். அதன் பிறகு முதுகுவலியைப் பற்றிக்கூட அவர் வாய் திறக்கவில்லை.

உடனடி ஆபத்து இல்லை என்று மனநலப் பிரிவில் பார்த்துச் சொன்னார்கள்; அடுத்த சந்திப்புக்கு நாளும் குறித்தாயிற்று. ஆனால் அந்தக் கேள்வியை நான் பாழாக்கிவிட்டேன் என்பது எனக்குத் தெரிகிறது. நான் வளர்ந்த ஊரில் துப்பாக்கி என்பது வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலர் மடியில் கிடப்பது, அவ்வளவே. இவர்களுக்கு அது அப்பா கொடுத்தது, வேட்டைக்குப் போனது, போர்முனையில் உடன் இருந்ததன் சாயல். அதைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு உண்டா என்ற தயக்கமும் இருக்கிறது. நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்?

மூன்றாம்தளம்

வெள்ளாறு அவர்களுக்கு வணக்கம். நான் படைத்தள மருத்துவமனை ஒன்றில் உளவியலாளர். அந்தத் தொப்பியை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன்; சிலர் கைப்பேசியை எடுத்துக்கொள்வார்கள், சிலர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுவார்கள்.

நீங்கள் கேட்ட கேள்வியில் தவறு இல்லை, அது வந்த இடத்தில்தான் தவறு. ‘இருந்து என்ன பயன்’ என்று ஒருவர் சொன்ன மறுநொடியே துப்பாக்கி உண்டா என்று கேட்டால், அவர் காதில் அது ‘உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போகிறோம்’ என்றுதான் விழும். போதாக்குறைக்குக் கண் கணினித் திரையில் இருந்தால், பதில் எங்கோ பதிவாகப் போகிறது என்று அவர் முடிவு கட்டிவிடுவார். நான் முதலில் அவருடைய தூக்கத்தைப் பற்றிப் பேசுவேன், ஏன் விடியற்காலை இரண்டு மணிக்கு விழிக்கிறார், விழித்ததும் என்ன செய்கிறார் என்று கேட்பேன். அந்த இரண்டு மணிக்குள் நாங்கள் இருவரும் வந்து சேர்ந்த பிறகு, கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, ஏறத்தாழ இப்படிச் சொல்வேன்: ‘படையில் இருந்தவர்கள் வீட்டில் துப்பாக்கி இருப்பது வழக்கந்தான். தூக்கம் கெட்டு மனம் கனத்துக் கிடக்கும் காலத்தில் அதை எப்படி வைத்திருப்பது என்பதை என்னிடம் வரும் எல்லோருடனும் பேசுவேன். உங்களோடும் பேசலாமா?’ உண்டா இல்லையா என்று நான் கேட்பதே இல்லை. அனுமதி கேட்கிறேன். பெரும்பாலோர் தலையசைக்கிறார்கள்.

ஏன் பேச வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்தவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் எண்ணம் எழுந்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் நடுவே பத்து நிமிடங்கூட ஆகவில்லை என்றார்கள். ஒருமுறை பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கியைத் தொட்டவர்களிலோ பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதே இல்லை. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால். இந்தக் கணக்கை நோயாளியிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ‘அந்த நிமிடங்கள் கடந்துபோகக் கூடியவை, அவை கடக்கும் வரை துப்பாக்கி எட்டாத தூரத்தில் இருந்தால் போதும்’ என்று சொன்னால் படைவீரருக்கு உடனே புரிகிறது, ஏனென்றால் ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாள்வதுதான் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் அவர் முதல் நாளிலிருந்து கற்றது.

தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். துப்பாக்கி தெரியாது என்பதை ஒப்புக்கொண்டுவிடுங்கள். ‘எனக்கு இதில் ஒன்றும் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்’ என்று ஒரு மருத்துவர் சொல்வதைக் கேட்டால் அவர் நிமிர்ந்து உட்காருகிறார். பிறகு அவர்தான் ஆசிரியர்.

மணல்மேடு

நான் மருத்துவன் அல்லன். தமிழ் தெரியும் என்ற தகுதியில் வெளிநாட்டவரை மொழித் தகுதிக்காகப் படையில் சேர்த்த ‘மாவ்னி’ திட்டத்தின் வழியே அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து, பணி முடித்து, இப்போது டெக்சஸில் மென்பொருள் வேலை பார்ப்பவன். என் வீட்டில் நான்கு துப்பாக்கிகள் இருக்கின்றன. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சில மாற்றுக் கருத்துகளைச் சொல்ல அனுமதியுங்கள்.

அந்த மனிதர் தொப்பியைப் போட்டுக்கொண்டதற்கு அவரிடம் காரணம் இருக்கிறது. படையில் இருந்தபோது, மனநலப் பிரிவுக்குப் போனால் செய்தி கமாண்டருக்குப் போகும், பதவி உயர்வு நிற்கும், ரகசியத் தகவல்களைக் கையாளும் தகுதிச் சான்று பறிபோகும் என்று கேட்டுக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். வெளியே வந்த பிறகும் நிலைமை வேறல்ல. முன்னாள் படைவீரர் துறை, தன் உதவித்தொகையைத் தானே நிர்வகிக்க இயலாதவர் என்று முடிவு செய்தவர்களின் பெயர்களைத் துப்பாக்கி வாங்குவோரைச் சரிபார்க்கும் கூட்டாட்சிப் பட்டியலுக்குப் பல ஆண்டுகளாக அனுப்பிக்கொண்டிருந்தது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அனுப்பக் கூடாது என்று 2024-இல்தான் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் தடை போட்டார்கள். ‘உங்களிடமிருந்து யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள்’ என்று வாய்ப்பேச்சாகச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். சாக வேண்டும் என்று முடிவு கட்டியவர் துப்பாக்கி இல்லையென்றால் வேறு வழியைத் தேட மாட்டாரா? பூட்டுப் போட்டுவிட்டால் துயரம் தீர்ந்துவிடுமா? வேலை, உறவு, வலி என்று ஆயிரம் இருக்க, இரும்பைப் பற்றிப் பேசுவது எளிது என்பதால் அதைப் பேசுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

கொடிக்கால்

மணல்மேடு கேட்டிருப்பது, மனநல மருத்துவனாக நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர்களே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. ‘வேறு வழியைத் தேடுவார்கள்’ என்பது பார்வைக்குச் சரியான தர்க்கந்தான். நடந்ததைப் பார்த்தால் நிற்கவில்லை.

இஸ்ரேலியப் படையில் கட்டாயச் சேவை செய்யும் இளைஞர்கள் வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது தங்கள் துப்பாக்கியையும் தோளில் மாட்டிக்கொண்டு போவார்கள். 2006-இல் அதை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகும்படி விதியை மாற்றினார்கள். அதன் பிறகு படையில் ஆண்டுத் தற்கொலைகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. இதில் கவனிக்க வேண்டியது, குறைந்தவை வார இறுதி இறப்புகள் என்பதுதான். வார நாள்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சனிக்கிழமை துப்பாக்கி கிடைக்காதவர் திங்கட்கிழமை வரை காத்திருந்து முகாமில் செய்துகொள்ளவில்லை. வேறு முறையைத் தேடிக் கணக்கைச் சரிக்கட்டவும் இல்லை. சுவிட்சர்லாந்து 2003-இல் தன் படையின் ஆள்பலத்தைப் பாதியாக்கியபோதும், வீடுகளில் இருந்த படைத் துப்பாக்கிகள் குறைந்ததோடு அந்த வயது ஆண்களின் துப்பாக்கித் தற்கொலைகளும் குறைந்தன. அவர்களில் சிறு பகுதியினரே வேறு முறைக்குப் போனதாகத் தெரிந்தது. ஒரு பகுதியினர் போகத்தான் செய்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

நமக்கு இன்னும் அருகில் இருப்பது இலங்கை. 1990-களின் நடுவில் உலகத்திலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் அது ஒன்று. வடக்கிலும் கிழக்கிலும் பூச்சிமருந்தால் ஒருவரையாவது இழக்காத ஊர் குறைவு. 1995-இலிருந்து படிப்படியாக மிகக் கொடிய மருந்துகளை விற்பனையிலிருந்து நீக்கினார்கள். இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு இறங்கியது. அதற்கிடையில் போரும் நடந்தது, ஆழிப்பேரலையும் வந்தது. முயற்சி செய்தவர்கள் அதே வேகத்தில் குறையவில்லை, ஆனால் அவர்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார்கள். கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் சென்னை ‘சிநேகா’ அமைப்பினர் இதையே வேறொரு விதமாகச் செய்து பார்த்தார்கள்: பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுக்கிடங்கில் ஒவ்வொரு விவசாயிக்கும் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. மருந்து விவசாயியுடையது, சாவியும் அவருடையது, யாரும் பறிக்கவில்லை. அடுக்களைக்கும் பெட்டிக்கும் நடுவே சற்று நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பூட்டு துயரத்தைத் தீர்க்காது என்று நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. துயரத்தைத் தீர்க்க எனக்கு ஆறு மாதம் வேண்டும், சிலருக்கு ஆறு ஆண்டு. அந்த ஆறு மாதம் அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பூட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

மூன்றாம்தளம்

மணல்மேடு சொன்ன அச்சத்தைப் பற்றி நான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வதந்தி அல்ல.

2011-ஆம் நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டத்தில், படைவீரர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிய துப்பாக்கிகளைப் பற்றிப் படை நிர்வாகம் தகவல் திரட்டக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். விளைவு, தற்கொலை எண்ணத்தோடு இருக்கும் வீரரிடம் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றி வாய் திறக்கலாமா என்று கமாண்டர்களும் எங்களைப் போன்றவர்களும் குழம்பி நின்றோம். 2013-ஆம் நிதியாண்டுச் சட்டத்தில் அதைத் திருத்தி, தனக்கோ பிறருக்கோ தீங்கிழைக்கும் ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால், மனநலப் பணியாளர்களும் கமாண்டர்களும் கேட்கலாம் என்று தெளிவாக்கினார்கள். குடிமக்கள் பக்கத்தில் ஃபுளோரிடா மாநிலம் 2011-இல் மருத்துவர்கள் இப்படிக் கேட்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றி, அதன் முக்கியப் பகுதிகளை 2017-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. ஆகவே இன்று கேட்பதற்குச் சட்டத் தடை இல்லை. ஆனால் தடை இருந்ததன் நினைவு இருபுறமும் மிச்சமிருக்கிறது.

இதனால்தான் நான் பொத்தாம்பொதுவாக வாக்குறுதி தருவதில்லை. பணியில் இருப்பவரிடம், எது என்னோடு நிற்கும், எந்தக் கட்டத்தில் நான் கமாண்டரிடம் சொல்லியாக வேண்டும் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மனநல உதவி நாடுவதை மட்டும் வைத்துத் துப்பாக்கி உரிமை போகாது என்பதைச் சொல்கிறேன். எத்தனை துப்பாக்கி, என்ன வகை, எந்த எண் என்பவற்றை நான் கேட்பதில்லை, எழுதுவதும் இல்லை. குறிப்பேட்டில் ‘வீட்டில் ஆயுதப் பாதுகாப்பு குறித்துப் பேசினோம், நோயாளி தாமே ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தார்’ என்ற அளவில் எழுதி, எழுதியதை அவருக்கே திருப்பிக் காட்டுகிறேன். திரையை அவர் பக்கம் திருப்புவதற்கு அரை நிமிடம் ஆகிறது. அந்த அரை நிமிடம் வேறெதையும்விட அதிகம் வேலை செய்கிறது.

பழைய ஹவில்தார்

இந்தியத் தரைப்படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர்கள் பேசும் இடத்தில் ஒரு சிப்பாய்க்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம்.

எங்களிடம் ஆயுதம் என்றால் அது ‘கோத்’ எனும் ஆயுதக் கிடங்குக்குச் சொந்தம். காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எண் பார்த்து வாங்க வேண்டும், மாலையில் துடைத்து எண் பார்த்துத் திருப்பித் தர வேண்டும். ஒரு துப்பாக்கி குறைந்தால் அன்றிரவு பிரிவு முழுவதும் தூங்காது. விடுமுறையில் ஊருக்குப் போகிறவன் டிரங்குப் பெட்டியோடு போவான், துப்பாக்கியோடு அல்ல. அமெரிக்கப் படையிலும் அரசு ஆயுதம் இப்படித்தான் கிடங்கில் இருக்கும் என்று நினைக்கிறேன். வேறுபாடு, அவர்கள் சொந்தமாக வாங்கி வீட்டில் வைத்திருப்பதில்தான் போலும்.

ஆனால் எங்களிடமும் காவல் பணி உண்டு, அங்கே தோட்டா போட்ட துப்பாக்கியோடு ஒருவன் தனியாக நிற்பான். விடுமுறையிலிருந்து முகம் கறுத்துத் திரும்பியவனை, நிலத்தகராறோ வீட்டுத் தகராறோ தலையில் சுமந்து வந்தவனை, நல்ல சுபேதார் பார்த்தவுடன் கண்டுகொள்வார். மருத்துவக் குழு ‘ஷேப்’ எனும் உடல், மனத் தகுதிக் கணக்கில் தரத்தைக் குறைப்பதற்கு நாளாகும். அதுவரை அவர் சும்மா இருக்க மாட்டார். ‘டேய், பத்து நாள் லங்கர் சமையற்கூடத்தில் ரேஷன் கணக்கைப் பார், எனக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும்’ என்பார். அவனுக்கு ஆயுதம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்ல மாட்டோம். பத்து நாள் கழித்து அவனே வந்து டியூட்டி கேட்பான்.

தம்பி மணல்மேடு, துப்பாக்கியை எடுத்துக்கொள்வதில் அவமானம் இல்லை. எடுத்துக்கொள்ளும் விதத்தில்தான் இருக்கிறது.

நெய்தல்

என் கணவர் அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறார். நான் இங்கே படிப்பவள் மட்டுமே, எழுதியதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நீண்ட கடற்பயணம் முடித்து அவர் திரும்பியிருந்தார். ஒரு மருத்துவச் சந்திப்பில் அவருக்கு இலவசமாக ஒரு கேபிள் பூட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு சாவிகளோடு ஒரு பிளாஸ்டிக் உறையில், ஒரு துண்டுப் பிரசுரத்தோடு இருந்தது. அதை எப்படிப் போடுவது, எதற்கு என்று யாரும் பேசியதாக அவர் சொல்லவில்லை. அந்த உறை எங்கள் அடுக்களை இழுப்பறையில், பழைய பேட்டரிகளுக்கும் கூரியர் ரசீதுகளுக்கும் இடையே, பிரிக்கப்படாமலே எட்டு மாதம் கிடந்தது. துப்பாக்கி படுக்கையறையில் இருந்தது.

ஒரு நாள் மாலை அவரே அந்த உறையை எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். புதிதாக வந்திருந்த ஆலோசகர் அவரிடம், ‘உங்கள் வீட்டில் மிக மோசமான இரவு எதுவாக இருக்கும்? அன்று அந்தத் துப்பாக்கி எங்கே இருந்தால் உங்கள் மனைவி நிம்மதியாகத் தூங்குவார்?’ என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவரிடம் பதில் இல்லை, அதனால் என்னிடம் கேட்க வந்தார். மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து, தோட்டா வெளியேறும் துளை வழியாக அந்தக் கம்பியை நுழைத்து, மேகசின் செருகும் குழி வழியே வெளியே இழுத்து, பூட்டில் மாட்டினார். கம்பி நடுவில் இருக்கும் வரை மேற்பகுதி மூடாது என்று எனக்குக் காட்டினார். சாவிகள் இரண்டையும் என்னிடம் கொடுத்து, எங்கே வைக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம் என்றார். தோட்டாக்களைத் தம் நண்பர் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

அந்த ஆண்டு இரண்டு மோசமான இரவுகள் வந்தன. இரண்டிலும் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினோம். படைவீரர்களுக்கான அந்த உதவி எண்ணில் எதிர்முனையில் இருந்தவர் கேட்ட முதல் சில கேள்விகளில் ஒன்று, துப்பாக்கி எங்கே என்பது. பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம் என்று நான் சொல்ல முடிந்தது. இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண் எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

ஐயாமார்கள் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று விவாதிக்கிறீர்கள். வீட்டில் இருப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதற்காகத்தான் எழுதினேன். எந்த இழுப்பறையில் எது கிடக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

மணல்மேடு

நெய்தல் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து போய் என் பெட்டகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டித்தான் இருந்தது. குறியெண் எனக்கு மட்டுமே தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகளிடமிருந்தும் திருடரிடமிருந்தும் காப்பதற்காக வாங்கிய பெட்டகம் அது. என்னிடமிருந்து என்னைக் காக்க அது வாங்கப்படவில்லை.

கொடிக்கால் சொன்ன இஸ்ரேல் கணக்கு எனக்குப் புதிது. வார இறுதி மட்டும் குறைந்தது என்பதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஒரு கருத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிறேன்: இதை மருத்துவர் சொல்வதைவிட எங்களில் ஒருவர் சொன்னால் நாங்கள் கேட்போம். நியூ ஹாம்ப்ஷயரில் 2009-இல், ஒரே வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர் வாங்கிய சில மணி நேரத்தில் அதனாலேயே இறந்தபோது, அங்கிருந்த கடைக்காரர்களே பொதுச் சுகாதாரத் துறையினரோடு உட்கார்ந்து, எந்த வாடிக்கையாளரைக் கண்டால் விற்பனையைத் தள்ளிப்போட வேண்டும், கடையில் என்ன சுவரொட்டி ஒட்ட வேண்டும் என்று திட்டம் வகுத்தார்கள். மிசிசிப்பி தேசியக் காவற்படையினரிடம் நடந்த ஒரு சோதனை ஆய்வில், எதிரே உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசியதும் கையில் பூட்டைக் கொடுத்ததும் பாதுகாப்பாக வைக்கும் வழக்கத்தைக் கூட்டியதாகப் படித்தேன். பேச்சு வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். யார் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம் என்கிறேன்.

நண்பரிடம் கொடுத்து வைப்பதிலும் சிக்கல் உண்டு என்பதை மருத்துவர்கள் அறிந்திருக்க வேண்டும். சில மாநிலங்களில் துப்பாக்கியை இன்னொருவர் கையில் தற்காலிகமாகக் கொடுப்பதற்கே பின்னணிச் சோதனை வேண்டும். சிலவற்றில் தற்கொலையைத் தடுப்பதற்காக என்றால் விலக்கு உண்டு. ‘தம்பியிடம் கொடுங்கள்’ என்று சொல்வதற்கு முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கொலராடோ போன்ற சில மாநிலங்களில், துப்பாக்கியைச் சில மாதம் வைத்திருக்க முன்வரும் கடைகளையும் காவல் நிலையங்களையும் வரைபடமாகவே போட்டிருக்கிறார்கள்.

பழைய ஹவில்தார்

நம் ஊரில் தேர்தல் அறிவித்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறோம், முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுகிறோம். யாரும் மானம் போனதாக நினைப்பதில்லை. ரசீது ஒன்று கையில் இருந்தால் மனிதனுக்குத் தைரியம்.

கொடிக்கால்

ரசீது என்ற சொல்லை நான் எடுத்துக்கொள்கிறேன், ஐயா. எப்போது, யார் சொன்னால் திரும்பக் கிடைக்கும் என்பதை முதல் நாளே பேசி எழுதிவிட வேண்டும் என்று இனி என் மாணவர்களிடம் சொல்லப் போகிறேன்.

வெள்ளாறு அவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ‘எதுவும் செய்துகொள்ள மாட்டேன்’ என்று எழுதி வாங்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதனால் பயன் உண்டென்று யாரும் காட்டியதில்லை, நோயாளி நம்மிடம் பொய் சொல்லக் கற்றுக்கொள்வதுதான் மிச்சம். அதற்குப் பதிலாகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அவரோடு உட்கார்ந்து, அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். மனம் சரியும்போது முதலில் தெரியும் அறிகுறி எது, தனியாக என்ன செய்வார், யாரிடம் போவார், யாரை அழைப்பார், வீட்டில் எதை எட்டாமல் வைப்பார் என்பவை அதில் வர வேண்டும். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இத்தகைய திட்டத்தோடு தொலைபேசித் தொடர்பையும் சேர்த்துச் செய்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தைகள் 45 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. திட்டத்தை எழுதிவிட்டுத் தொலைபேசியை மறந்துவிடாதீர்கள். இரண்டாவது எச்சரிக்கை: அவரிடம் இன்றைக்கே செய்துவிடும் எண்ணமும் வழியும் இருந்தால், பூட்டைப் பற்றிப் பேசும் கட்டம் தாண்டிவிட்டது, அவரைத் தனியே விடாமல் அவசரப் பிரிவில் சேர்க்க வேண்டும்.

சாவியைத் தாமே வைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அது முழுமையான வழி அல்ல. ஆனால் இன்று பூட்டைப் போட்டவர் அடுத்த மாதம் சாவியைக் கொடுக்கக்கூடும். இன்றைக்கே எல்லாவற்றையும் கேட்டால் தொப்பிதான் தலைக்குப் போகும்.

வெள்ளாறு

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.

அவர் வந்தார். நான் கணினியைத் திறக்கவில்லை. ‘சென்ற முறை நான் கேட்ட விதம் சரியில்லை, எனக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது’ என்று தொடங்கினேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் தொப்பி முழங்காலிலேயே இருந்தது. விடியற்காலை இரண்டரை மணிக்கு எழுந்து அடுக்களையில் உட்கார்ந்திருப்பாராம். அங்கிருந்து பேச்சு தானாகவே போயிற்று. அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னார். வெளியே காத்திருந்த அடுத்த நோயாளியை நினைத்து எனக்குப் பதற்றம், இருந்தாலும் இடைமறிக்கவில்லை.

மணல்மேடு சொன்னதால் எங்கள் மாநிலச் சட்டத்தை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். நீளத் துப்பாக்கிகளைத் தம்பி வீட்டுப் பெட்டகத்தில் வைக்கிறேன் என்று அவரே சொன்னார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். ‘மான் வேட்டைக் காலம் தொடங்கும் வரை’ என்றார். அதையே எழுதினோம்; தம்பியும் நானும் அவரும் பேசிய பிறகுதான் திரும்ப எடுப்பது என்பதையும் அவர் சொல்லியபடி சேர்த்துக்கொண்டோம். கைத்துப்பாக்கியை மட்டும் கொடுக்க மாட்டேன், இரவில் அது இல்லாமல் தூக்கம் வராது என்றார். மூன்று மணி நேரம் தூங்குபவர் சொன்ன காரணம் அது, நான் வாதாடவில்லை. பூட்டிய பெட்டியில், படுக்கையறையில் அல்லாமல் கூடத்தில் வைப்பது, தோட்டாவைத் தம்பியிடம் கொடுப்பது என்பது வரை வந்தார். திரையைத் திருப்பிக் காட்டினேன். ‘நோயாளி ஒப்புக்கொண்டார்’ என்று இருந்ததை ‘முடிவு செய்தார்’ என்று மாற்றச் சொன்னார், மாற்றினேன்.

எழுந்து கதவு வரை போனவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். ‘டிரக்கில் இருக்கைக்கு அடியில் ஒன்று இருக்கிறது. வீட்டில் என்றுதானே கேட்டீர்கள்’ என்றார்.

மறுபடியும் உட்கார்ந்தோம். அடுத்த நோயாளியிடம் இருபது நிமிடத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கென்று கேபிள் பூட்டு ஒன்றை வரவேற்பறையில் அவர் பெயரில் எடுத்து வைத்திருக்கிறார்கள்.